எல்லேக்காரன் இருந்த தாள்

அவருக்குப் பத்து விரலும் இருந்தன. அச்சகத்தில் கடதாசி வெட்டும் மெசினில் இருபது வருடம் நின்ற ஒருவருக்கு அது சின்ன விஷயமல்ல. அவருக்கு முதல் நின்றவருக்கு எட்டரை விரல். அதற்கும் முதல் நின்றவரைப் பற்றிக் கதைக்க முதலாளி விரும்புவதில்லை. இவர் பின்னேரம் மெசினைத் துடைத்துச் சீலையால் மூடிவிட்டு, துறைமுகப் பக்கத்து யன்னலடிக்குப் போய் இரண்டு கையையும் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார். எல்லாம் இருக்கிறது என்று கண்டதும் ஆணியில் தொங்கும் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு வெளிக்கிடுவார். ஒரு நாளும் அது தவறியதில்லை.

நான் அங்கே அச்செழுத்துக் கோர்த்தேன். என்னுடைய எழுத்துப் பெட்டிக்கும் அவருடைய மெசினுக்கும் நடுவே பத்தடி இருக்கும். அந்தப் பத்தடி தூரத்தில் இருந்துதான் அவரைப் பார்த்தேன். அவரிடம் நெருங்கிப் பழகியவன் என்று சொன்னால் அது பொய்.

திருகோணமலையில் துறைமுகத்துக்குப் போகிற வீதியில் இருந்த சின்ன அச்சகம் அது. படமாளிகை நோட்டீஸ், பீடி லேபல், தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரம், கல்யாண அழைப்பிதழ், செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் வீட்டில் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகம் எல்லாம் அடிப்போம். எதுவானாலும் பெரிய தாளில் எட்டாகவோ பதினாறாகவோ அதற்கு மேலாகவோ சேர்ந்துதான் அச்சாகும். பிறகு அவரிடம் போகும். அவர் வெட்டின பிறகுதான் அது லேபலாகும், அழைப்பிதழாகும்.

அப்படிப்பட்ட மனுசன் தனக்கென்று எதையும் வெட்டமாட்டார். தேத்தண்ணிக் கடையில் றாத்தல் பாணை வெட்டித் தரட்டுமா என்று கேட்டால், வேண்டாம், முழுசாய்த் தா என்பார். பிய்க்கவும் மாட்டார், ஒரு பக்கத்தில் இருந்து கடித்துக்கொண்டே போவார். மாம்பழமும் அப்படித்தான். தலைமயிரை மட்டும் எப்படி வெட்டுவிக்கிறார் என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். அவர் சிரிக்கவும் மாட்டார், கோபிக்கவும் மாட்டார்.

ஒவ்வொரு வேலையிலும் ஒரே ஒரு தாளை வெட்டாமல் எடுத்துச் சுருட்டி, கட்டைபறிச்சானில் இருந்த தன் வீட்டுக்குக் கொண்டுபோவார். வெள்ளிக்கிழமை மூதூர் போகிற லோஞ்சுப் படகில் ஏறும்போது கக்கத்தில் அந்தச் சுருள் இருக்கும். வெள்ளைக்காரக் கடற்படை இருந்த காலத்தில் சிகரெட் பெட்டிக்குள் வந்த படங்களைச் சேர்த்தவர்கள் எங்கள் ஊரில் இருந்தார்கள். முத்திரை சேர்த்தவர்கள், தீப்பெட்டி லேபல் சேர்த்தவர்கள் எல்லாம் இருந்தார்கள். வெட்டாத தாள் சேர்த்தவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான். கல்வெட்டுத் தாளை வெட்டாமல் வைத்தால் அதை வாசிக்கக்கூட முடியாது. பாதிப் பக்கம் தலைகீழாக இருக்கும். ஒப்பாரிப் பாட்டின் ஒரு வரி இந்த மூலையிலும் அடுத்த வரி அந்த மூலையிலும் கிடக்கும். இதை வைத்து என்ன செய்வீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"வெட்டினாத்தான் தம்பி ஆளாளுக்குப் போயிடும். வெட்டாட்டில் எல்லாம் ஒரு வீட்டுக்க இருக்கும்" என்றார்.

தகப்பனின் காணியைப் பிள்ளைகள் ஏழு பேரும் பிரித்தபோது தனக்கு வந்தது ஒரு வரம்பும் அரை வேலியும்தான் என்று பிறகு எப்போதோ சொன்னார். அதுதான் காரணமோ தெரியாது. காணி பிரிக்காத குடும்பம் எது? எல்லாரும் பாணை முழுசாகக் கடித்துக்கொண்டா திரிகிறோம்?

ஒருமுறை ஒரு கல்யாண அழைப்பிதழ் அச்சேறி முடிந்து, வெட்ட முதல் கல்யாணம் குழம்பிவிட்டது. தாள்களைச் சின்னதாக வெட்டு, பின்பக்கத்தைத் துண்டெழுதப் பாவிக்கலாம் என்று முதலாளி சொன்னார். இவர் வெட்டினார். மாப்பிள்ளையின் பெயர் ஒரு குவியலிலும் பொம்பிளையின் பெயர் இன்னொரு குவியலிலும் விழுந்தன. தனக்கென்று ஒரு தாளை முழுசாக எடுத்துச் சுருட்டிக்கொண்டார். நடக்காத கல்யாணத்தை இந்த மனுசன் கட்டிலுக்குக் கீழே எட்டுத் தரம் வைத்திருக்கப் போகிறாரே என்று எனக்கு ஒரு மாதிரி இருந்தது. அவரிடம் ஏதோ சரியில்லை என்று நினைக்கத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

இனி ரொபி மிட்டாய்ப் படக் கதை.

எழுபதுகளின் தொடக்கம். இறக்குமதித் தடையால் வெளிநாட்டுச் சாமான் கண்ணில் காண்பதே அரிது. எங்கள் பக்கத்தில் ரொபி செய்து விற்ற ஒருவர், ரொபிச் சுற்றுக்குள் விளையாட்டு வீரர் படம் வைத்துக் கொடுக்கத் தொடங்கினார். மொத்தம் முப்பத்தாறு படம். முப்பத்தாறையும் சேர்த்துக் கொண்டுவருகிறவருக்கு ஒரு தையல் மெசின் பரிசு. கிரிக்கெட்காரர், உதைபந்தாட்டக்காரர், குத்துச்சண்டைக்காரர் எல்லாரும் இருந்தார்கள். பதினேழாம் இலக்கத்தில் மட்டும் தொப்பி போட்டு, உருண்டைத் தடி ஒன்றைத் தோளில் வைத்தபடி ஒருவன் நின்றான். கீழே பேஸ்போல் என்று போட்டிருந்தது. அமெரிக்கப் புத்தகம் ஒன்றில் இருந்து எடுத்த படமாம். அந்த விளையாட்டை எங்கள் ஊரில் யாரும் கண்டதில்லை. மூங்கில் தடியால் பந்தை அடித்துவிட்டு ஓடுகிற எல்லே விளையாட்டுத்தான் எங்களுக்குத் தெரியும். ஆகவே அவனுக்கு எல்லேக்காரன் என்று பெயர் வந்தது.

படம் அடித்தது நாங்கள்தான். ஒரு தாளில் முப்பத்தாறும் வரும். முதலில் கறுப்பு, பிறகு அதன் மேல் சிவப்பு. ஒரு பின்னேரம் மை கழுவ அச்சகத்துப் பின்பக்கம் போனேன். கிணற்றடியில் கடதாசி வெட்டுகிறவர் குந்தியிருந்து படங்களை எரித்துக்கொண்டிருந்தார். இறுக்கிக் கட்டின கடதாசிக் கட்டு இலேசில் எரியாது, ஓரம் மட்டும் கருகும். தடியால் குத்திக் குத்திப் பிரித்து எரித்தார். பக்கத்தில் எங்கள் முதலாளியும் ரொபி முதலாளியும் நின்றார்கள். பழுதாய்ப்போன படங்கள் என்றார் எங்கள் முதலாளி, நான் கேட்காமலே. கருகாமல் கிடந்த ஒன்றைப் பார்த்தேன். எல்லேக்காரன். எல்லாமே எல்லேக்காரன். ரொபி முதலாளி ஒரு பிடியை மட்டும் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

எரித்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்தார். நான் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தேன். அச்சகத்தில் நடப்பதை வெளியே சொன்னால் அடுத்த நாள் வேலை இல்லை.

என் அக்கா அப்போது முப்பத்தொரு படம் சேர்த்திருந்தா.

அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். அத்தான் கப்பல் வேலைக்குப் போனவர். மூன்று கடிதம் வந்தது, பிறகு ஒன்றும் வரவில்லை. அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டில் நானும் அக்காவும்தான். ஊசியாலும் நூலாலும் அக்கா ஊருக்குத் தைத்தா. ஒரு சட்டைக்கு இரண்டு நாள். தையல் மெசின் இருந்தால் ஒரு நாளில் மூன்று சட்டை. எனக்குக் கல்யாணம் பேசத் தொடங்கியிருந்தார்கள். அதைப் பற்றி அக்கா ஒரே ஒரு தரம் சொன்னா. "உன்ர பெண்சாதியின்ர கையைப் பாத்துக்கொண்டு என்னால இருக்க ஏலாது. அவள் வர முதல் நான் என்ர காலில நிக்கோணும்."

பள்ளிக்கூடப் பிள்ளைகள் கிழிந்த சட்டையோடும் பொத்தான் விழுந்த சட்டையோடும் வருவார்கள். காசு வேண்டாம், படம் கொண்டுவா என்பா அக்கா. ஒரு பொத்தானுக்கு ஒரு படம். அப்படித்தான் சேர்ந்தது. அவவிடம் இருந்த பொத்தான்கள் எல்லாம் ஒரு பழைய மேலங்கியில் இருந்து வெட்டி எடுத்த நீலப் பொத்தான்கள். அதனால் எங்கள் ஒழுங்கையில் பாதிப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டையில் ஒரு நீலப் பொத்தான் இருந்தது.

முப்பத்தைந்து சேர்ந்தபோது, பதினேழு வரவில்லையே தம்பி என்று அக்கா கேட்டா. வரும் என்றேன். கிணற்றடிச் சாம்பலைக் கண்டவன்தான் அப்படிச் சொன்னேன். இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

குறிஞ்சாக்கேணியில் ஒரு வீட்டில் எல்லேக்காரன் இருக்கிறானாம் என்று யாரோ கதை கட்டினார்கள். அக்கா விடியவே வெளிக்கிட்டுக் கிண்ணியாத் துறை கடந்து போனா. அந்த வீட்டு உம்மா நல்ல மனுசி, இருத்திச் சாப்பாடும் கொடுத்தாவாம். படத்தை எடுத்துக் காட்டினால், அது ஹொக்கித் தடி பிடித்தவன், இருபத்தேழாம் இலக்கம். பிள்ளைகளின் சட்டை இரண்டைத் தைத்துக் கொடுத்துவிட்டு, பொழுதுபட அக்கா திரும்பி வந்தா. வந்து, செருப்பைக் கழற்றாமல் கதிரையில் இருந்தா. நான் கேட்டதற்கெல்லாம் ஓம், இல்லை என்று மட்டும் சொன்னா.

அடுத்த நாள் அவரிடம் போனேன். எந்த வேலையிலும் ஒரு தாள் எடுக்கிறவர் இதிலும் எடுத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். இந்த வேலையில் நல்ல தாள்களை முதலாளி எண்ணி எண்ணித்தான் கொடுத்தார். ஆனால் நிறம் பொருந்துகிறதா என்று பார்க்க முதலில் போடுகிற பழுதுத் தாளை ஒருவரும் எண்ணுவதில்லை. அதை அவர் பெனியனுக்குள் செருகியதை நான் கண்டிருந்தேன். அக்காவின் கதை முழுவதையும் சொன்னேன். அத்தானின் மூன்று கடிதம்வரை சொன்னேன். அவர் மெசினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே கேட்டார்.

"அதை வெட்ட ஏலாது தம்பி."

"நாள் முழுக்க வெட்டுறீங்கள் அண்ணை."

"அது மற்ற ஆக்களின்ர."

ஏன் ஏலாது என்று விளக்கவில்லை. ஒரு கடதாசித் துண்டு. அதற்குள் ஒரு பொம்பிளையின் சீவியம் இருக்கிறது என்று தெரிந்தும் இந்த மனுசன் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். ஆத்திரம் வந்தது. அதற்குப் பிறகு அது மரத்துப்போயிற்று. அன்றையிலிருந்து வேலைக்குத் தேவையானதைத் தவிர ஒரு சொல் நான் அவருடன் கதைக்கவில்லை. எட்டாய் வெட்டுங்கோ, பதினாறாய் வெட்டுங்கோ, அவ்வளவுதான். பத்தடி தூரத்தில் இன்னும் ஒன்பது வருடம் இருவரும் வேலை செய்தோம். நினைத்துப் பார்த்தால் அது அப்படியொன்றும் கஷ்டமாக இருக்கவில்லை. பழகிவிட்டது.

அந்த மாதமோ அடுத்த மாதமோ அவருடைய சட்டையில் இரண்டாவது பொத்தான் மாறியிருந்ததைக் கண்டேன். மற்றது எல்லாம் வெள்ளை, அது மட்டும் நீலம். பொம்பிளை இல்லாத வீடு என்று மனதுக்குள் நக்கலாக நினைத்துக்கொண்டேன். அந்தச் சட்டையை அவர் நெடுநாள் போட்டார். கொலர் பிய்ந்த பிறகும் போட்டார்.

தையல் மெசின் யாரோ வெளியூர்க்காரருக்கு விழுந்தது என்று சொன்னார்கள். ரொபி முதலாளிக்கு அவர் சொந்தம் என்றும் கதை அடிபட்டது. அக்கா படங்களைப் பிஸ்கற் தகரத்துக்குள் போட்டு மூடி, அலுமாரியின் மேல் வைத்துவிட்டு, பரவாயில்லை தம்பி என்றா. ஆசையை விட்டுவிட்டா என்று நான் நினைத்தேன்.

எனக்குக் கல்யாணம் நடந்தது. அழைப்பிதழ் எங்கள் அச்சகத்தில்தான் அடித்தது. எழுத்தை நானே கோர்த்தேன், அவர்தான் வெட்டினார். ஓரம் ஒரு நூல்கூடப் பிசகாமல் வெட்டி, கட்டாகக் கட்டி என் பெட்டியின் மேல் கொண்டுவந்து வைத்தார். அதில் ஒன்றை எடுத்து அவருக்கு நான் கொடுக்கவில்லை. அவரும் என் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

அக்கா என்னோடேயே இருந்தா. என் மனைவி அவவை ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லாத வீட்டிலும் சாப்பாட்டுக்குக் கடைசியாக வந்து இருக்கிறவர் ஒருவர் இருப்பார். அது அக்காதான். பிறகு இறக்குமதி திறந்துவிட்டார்கள். கடைக்குக் கடை தையல் மெசின் வந்து நின்றது. நானும் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அதற்குள் அக்காவின் கண் போய்விட்டது. ஊசித் துவாரம் தெரியாது. மெசினை ஒரு துணியால் மூடி, அதன் மேல் வெற்றிலைத் தட்டம் வைத்தோம்.

அவர் செத்த செய்தி எண்பதுகளின் தொடக்கத்தில் வந்தது. காய்ச்சலில் நாலு நாள் கிடந்தாராம். அச்சகத்தில் இருந்து எல்லாரும் செத்தவீட்டுக்குப் போனார்கள். நான் போகவில்லை, வேலை இருந்தது. இரண்டு கிழமை கழித்து அவருடைய மருமகப் பெடியன் கல்வெட்டு அடிக்க வந்தான். அவருடைய முழுப் பெயரையும் நான் எழுத்தெழுத்தாகக் கோர்த்தது அன்றைக்குத்தான். அதற்கு முதல் அந்தப் பெயர் எனக்கு வாயில் வந்ததில்லை, அண்ணை என்றுதான் கூப்பிட்டேன். கதைக்காமல் விட்ட பிறகு அதுவுமில்லை. இங்கேயும் எழுதவில்லை.

மாமாவின் கட்டிலுக்குக் கீழே ஒரு பொதி கடதாசி கிடக்கிறது, கடைக்காரர் சாமான் கட்டிச் சரை சுற்றக் கேட்கிறார், உங்களுக்கு ஏதும் தேவைப்படுமா என்று பெடியன் கேட்டான். ஞாயிற்றுக்கிழமை லோஞ்சில் மூதூர் போய், கட்டைபறிச்சானுக்கு நடந்தேன். ஏன் போனேன் என்று எனக்கே தெரியாது.

படங்குத் துணியில் சுற்றிக் கட்டியிருந்தது. அவிழ்த்து ஒவ்வொன்றாக விரித்தேன். பீடி லேபல், நாற்பது ஒரு தாளில். படமாளிகை நோட்டீஸ். அந்தக் குழம்பிப்போன கல்யாணம். அதற்குக் கீழே என்னுடைய கல்யாணம். எட்டு அழைப்பிதழ், வெட்டாமல், ஒன்றோடு ஒன்று ஒட்டியபடி. நான் ஒன்றும் கொடுக்காததால் அவர் தனக்கென்று எட்டு எடுத்திருந்தார்.

அதற்கும் கீழே ரொபிப் படத் தாள் கிடந்தது. ஆறுக்கு ஆறு, முப்பத்தாறு கட்டம். மூன்றாம் வரிசையில் ஐந்தாம் கட்டம் ஓட்டையாக இருந்தது.

நான் அச்சுத் தொழிலாளி. அந்த ஓட்டையைப் பார்த்ததும் என்ன நடந்திருக்கும் என்று விளங்கியது. மெசினில் போட்டால் கத்தி தாளின் ஒரு ஓரத்தில் இருந்து மற்ற ஓரம்வரை இறங்கும். நடுவில் உள்ள ஒன்றை எடுக்கப் போனால் மற்றதெல்லாம் துண்டுதுண்டாகும். இது சவர அலகால் நாலு பக்கமும் கீறி எடுத்தது. பக்கத்துப் படம் எதிலும் கீறல் இல்லை. அந்தத் தாளில் சிவப்பு முழுக்க வலப்பக்கம் தள்ளி விழுந்திருந்தது. தொப்பி போட்டவனின் தொப்பிச் சிவப்பு காதில் இருந்தது, மற்றவனின் உதட்டுச் சிவப்பு கன்னத்தில். பழுதுத் தாள் அல்லவா.

அந்தத் தாளை மட்டும் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பினேன். வீட்டுக்கு வந்து அக்காவின் மடியில் விரித்தேன். அக்காவால் பார்க்கமுடியாது. விரலால் தடவிக்கொண்டே போனா. மூன்றாம் வரிசை ஓட்டையில் விரல் நின்றது.

"அந்தத் தகரத்தை எடு" என்றா.

தகரத்தில் முப்பத்தைந்து படம் ஒரு கட்டாக இருந்தது. அடியில், மடித்த துணிக்குள் தனியாக ஒன்று. எல்லேக்காரன். தொப்பிச் சிவப்பு அவன் காதில் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அவர் வந்தாராம், நான் அச்சகத்தில் நின்ற நேரம். "தங்கச்சி, ஒரு தெறி விழுந்திட்டுது, தைச்சுத் தாங்கோ" என்று சட்டையைக் கழற்றிக் கொடுத்தாராம். அக்கா தைத்துக் கொடுத்தா. ஒரு பொத்தானுக்கு ஒரு படம் அல்லவா. படத்தைக் கதிரையில் வைத்துவிட்டு, லோஞ்சுக்கு நேரமாகுது என்று போய்விட்டாராம்.

"நான் அப்ப கண் தெரிஞ்சவள்தானே. மற்றப் படங்களோட வைச்சுப் பாத்தனான். இது வேற மாதிரி. கடையில வாற படம் இல்லை. இதைக் கொண்டுபோய் நீட்டினா, அச்சகத்துக்க இருந்துதான் வந்தது எண்டு ரொபிக்காரனுக்கு உடனே தெரியும். ஆர் எடுத்தவர் எண்டும் தெரியும். அந்த ஆளுக்கு வேற என்ன வேலை தெரியும்?"

நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கும் அது தெரிந்திருக்கும். சிவப்பு எங்கே விழுந்தது என்பது அவருக்கு எங்கள் எல்லாரையும் விட நன்றாகத் தெரியும். தெரிந்துதான் வெட்டினார், கொண்டுவந்து கொடுத்தார், அடுத்த திங்கட்கிழமை வந்து மெசினில் நின்றார்.

"ஒன்பது வருசம் நான் அவரோட கதைக்காமல் இருந்தனான் அக்கா. என்னட்டச் சொல்லியிருக்கலாமே."

அக்கா படத்தை என் கையிலிருந்து வாங்கித் திரும்பத் துணிக்குள் மடித்தா.

"சொல்லியிருந்தா நீ இதை ரொபிக்காரனிட்டக் கொண்டுபோய்க் குடுத்திருப்பாய்" என்றா.

ஓம், குடுத்திருப்பேன். எனக்கு உடனே தெரிந்தது. ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் குடுத்திருப்பேன்.

தகரத்தை மூடி அலுமாரியின் மேல் வைத்தேன். லோஞ்சில் சனமோ என்று அக்கா கேட்டா. இல்லை, இருக்க இடம் இருந்தது என்றேன்.